வெளியே போய் நில்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று சொல்லி ஆரம்பிக்கிற கதை இல்லை இது. நடந்தது. நடந்த நேரம்கூட நிமிஷக் கணக்கில் இருக்கிறது. ஏனென்றால் இது நடந்தது ஒரு கணக்கு டீச்சருக்கு. கைக்கடிகாரத்தைக் கழற்றாமலே பாத்திரம் தேய்க்கிற ஆள். வாழ்க்கையில் பெரிதாகப் பொய் சொன்னவள் இல்லை. ஒரே ஒரு பொய் சொன்னாள். மற்றதெல்லாம் உண்மை.

என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில், வெயில் அடிக்கும்போது நடந்தது.

ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம் அது. எந்தத் தெருமுனையில் யார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள் என்று விடியற்காலையில் வெளியே போய் வந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மற்றவர்கள் வாசலைத் தாண்டுவார்கள். ஆனாலும் பள்ளிக்கூடம் நடந்தது. நகரத்தின் நடுவில் மூன்று தளக் கட்டடம். பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம். டீச்சருடையது ஏழாம் வகுப்பு, இரண்டாம் மாடி, வராந்தாவின் கடைசி அறை. வருகைப் பதிவேட்டில் முப்பத்தொன்பது பேர்.

அதில் ஒருத்திக்குப் பட்டாணி என்று பட்டப்பெயர். வயதுக்கு மீறிக் குட்டை. மேஜைக்கு மேலே இரண்டு கண்ணும் ரெட்டைப் பின்னலும்தான் தெரியும். வாய் மட்டும் குட்டை இல்லை.

அன்றைக்குக் காலையில் டீச்சருக்கும் புருஷனுக்கும் சண்டை. ஊரை விட்டுப் போய்விடலாம் என்கிறான் அவன். வேலையை விட்டுவிட்டு எங்கே போவது என்கிறாள் இவள். அந்தச் சூட்டோடுதான் பள்ளிக்கூடம் வந்தாள். மத்தியானம் மூன்று பத்துக்குக் கணக்கு வகுப்பு.

"வீட்டுக் கணக்கு எங்க?"

"கரன்ட் இல்ல டீச்சர்," என்றாள் பட்டாணி.

"மெழுகுவத்தி ஏத்தத் தெரியாதா?"

"ஏத்தினேன் டீச்சர். வெளிச்சம் தெரிஞ்சா சுடுவாங்கன்னு அம்மா ஊதிட்டாங்க. இருட்டுல போட்டேன். ஏழும் ஒண்ணும் ஒரே மாதிரி வந்துடுச்சு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவர்கள் சிரித்தது பட்டாணியின் பேச்சுக்கு. ஆனால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று டீச்சருக்குச் சுருக்கென்று பட்டது.

"வெளிய போய் நில்லு."

அப்போது மணி மூன்று பதினைந்து.

மூன்று முப்பத்தொன்றுக்கு முதல் வெடிச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்து வாசலிலேயே. இரண்டாவது சத்தம் வளாகத்துக்கு உள்ளே. டீச்சர் ஓடிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பிள்ளைகளைப் பெஞ்சுக்கு அடியில் படுக்க வைத்தாள். அவள் செய்தது அத்தனையும் சரி, ஒன்றைத் தவிர. வெளியே ஒருத்தி நிற்கிறாள் என்பதை மறந்துபோனாள்.

மறந்துபோனாள் என்றுதான் தனக்குத்தானே பல நாள் சொல்லிக்கொண்டாள். ஆனால் மூன்று நாற்பதுக்குக் கதவு தட்டப்பட்டது.

"டீச்சர்... நான்தான் டீச்சர். கதவத் திறங்க."

தாழ்ப்பாள் இரண்டு எட்டு தூரத்தில் இருந்தது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "டீச்சர், பட்டாணி வெளிய நிக்கிறா."

"பேசாத," என்றாள் டீச்சர். "அது அவ இல்ல."

மூன்று ஐம்பத்திரண்டுக்குத் தட்டுவது நின்றது. நான்கு பத்துக்குக் கதவைத் திறந்தபோது வராந்தா துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. ரத்தம் இல்லை. ஒன்றும் இல்லை. ஓடிப் போயிருப்பாள், வாயாடி ஆயிற்றே, எப்படியும் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் பட்டாணியின் அம்மா டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். துணி தைக்கிறவள். தோளில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள்.

"பாப்பா நேத்து ஸ்கூலுக்கு வந்தாளா டீச்சர்?"

உள்ளே புருஷன் நிற்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.  டீச்சரின் நாக்கு தானாகவே பேசியது.

"இல்லம்மா. நேத்து அவ வரலையே."

"நான்தானே தலை பின்னி அனுப்பினேன்?"

"வரலம்மா."

அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தாள். வந்தவர்களுக்குச் சாய்கோடு, வராதவர்களுக்கு முட்டை. பட்டாணியின் பெயருக்கு நேராக இருந்த சாய்கோட்டின் மேல் அழுத்தி ஒரு முட்டை போட்டாள். பேனா முள் காகிதத்தைக் கொஞ்சம் கிழித்துவிட்டது.

பிள்ளைகள் யாரும் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். அன்று மாலையோடு பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பாதிக் குடும்பங்கள் கிடைத்த வண்டியில் ஊரை விட்டுப் போய்விட்டன. மீதிப் பேர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தி வைத்திருந்த நேரம் அது.

அந்த அம்மா தேடினாள். எங்கே தேடினாள்? வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியில், காலை எட்டு மணிக்கு அந்த வழியாகப் போனவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தாள். கடை கடையாக, வாசல் வாசலாக. தேட வேண்டிய இடம் ஒன்று, நேரம் ஒன்று. அவள் தேடியது வேறொரு இடத்தில், வேறொரு நேரத்தில். அப்படித் தேட வைத்தது டீச்சருடைய ஒரு வார்த்தை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இது டீச்சருக்கு ஞாபகம் வரும். சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பாள். செருப்பை மாட்டுவாள். திரும்பக் கழற்றிவிடுவாள்.

அறுபத்தேழு நாள் இப்படிப் போயிற்று.

அறுபத்தெட்டாம் நாள் தலைமை ஆசிரியையிடமிருந்து ஆள் வந்தது. வீடு இழந்தவர்களைத் தங்கவைக்கக் கட்டடத்தைக் கேட்கிறார்களாம். அவரவர் வகுப்புப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துவரை ஊரடங்கு கிடையாது.

டீச்சர் உடனே கிளம்பினாள். கடமைக்காக இல்லை. அந்த ஒரு பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட. அதையும் அவளே சொன்னாள், ஜன்னலைப் பார்த்தபடி.

கேட்டில் வாட்ச்மேன் இருந்தார்.

"சீக்கிரம் வந்துடுங்க டீச்சர். அஞ்சு மணிக்கு மேல நானே என்னைச் சுட்டுக்கணும்னு உத்தரவு," என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

படியேறும்போது மணி மூன்று இருபத்தைந்து.

முதல் மாடியில் புழுதி கணுக்கால்வரை இருந்தது. புறா எச்சம், உடைந்த கண்ணாடி. இரண்டாம் மாடிக்குத் திரும்பியதும் நின்றாள்.

வராந்தா சுத்தமாக இருந்தது. யாரோ இப்போதுதான் பெருக்கிவிட்டுப் போனதுபோல.

சாக்பீஸ் வாசனை வந்தது. பழைய வாசனை இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த வாசனை.

முதல் ஐந்து அறைகளையும் தாண்டினாள். எல்லாம் திறந்து கிடந்தன. கடைசி அறையின் பச்சைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

வீடு இல்லாதவர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள் போல என்று நினைத்தாள்.

"யாரு உள்ள?"

பதில் இல்லை. ஆனால்... ஒரு அறை காலியாக இருப்பதற்கும், ஒரு வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பாடம் நடத்துகிறவர்களுக்கு அது தெரியும். இது இரண்டாவது அமைதி.

 கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தொன்று.

டமார்...

கீழே, வாசலில். அடுத்தது வளாகத்துக்கு உள்ளே.

ஓடிவிடலாம் என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக.

வராந்தாவுக்கு வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர். அந்தப் பக்கம் இரண்டு மாடிப் பள்ளம். இந்தப் பக்கம் கதவு.

தட்டினாள்.

"திறங்க... நான் டீச்சர். யாருன்னாலும் சரி, திறங்க!"

உள்ளே பெஞ்ச் நகர்ந்தது. க்ரீச்...

ஒரு சின்னக் குரல் ஏதோ சொன்னது. என்ன சொன்னது என்று புரியவில்லை.

அதற்குப் பதில் சொன்ன குரல் புரிந்தது. கிசுகிசுப்பாகத்தான் பேசியது. ஆனாலும் புரிந்தது.

"பேசாத. அது அவ இல்ல."

டீச்சருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் குரல் அவளுடையது.

பத்தொன்பது வருஷமாக அவள் பாடம் நடத்துகிற குரல். அதே கரகரப்பு. வார்த்தையை முடிக்கும்போது விழுகிற அதே அழுத்தம்.

மூன்று நாற்பது.

பூட்ஸ் முதல் மாடியைத் தாண்டிவிட்டது.

"திற! தாழ்ப்பாள் ரெண்டு எட்டுதான். எனக்குத் தெரியும்... ரெண்டே எட்டுதான். திறடி!"

தன்னையே 'அடி' போட்டுக் கூப்பிடுகிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

உள்ளே மூச்சு விடுகிற சத்தம். கதவுக்கு மிகப் பக்கத்தில். அந்தப் பக்கம் ஒருத்தி கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

திறக்கவில்லை.

தட்டினாள். தட்டினாள். விரல் முட்டி தோல் உரிந்தது.

பூட்ஸ் கடைசிப் படியில் ஏறியது.

நின்றது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கழுத்துக்குப் பின்னால் சூடு. யாரோ மூச்சு விடுகிற சூடு...

"நான்தான்... கதவத் திறங்க..."

கதவு திறந்துகொண்டது.

முன்பக்கமாக அறைக்குள் விழுந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. இரும்புப் பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் புழுதி. திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் வெயில் மட்டும் இருந்தது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

பதிவேடு இரும்பு மேஜை இழுப்பறையில் இருந்தது. எப்படி எடுத்தாள், எப்படி இறங்கினாள் என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இல்லை. கேட்டில் வாட்ச்மேன் அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"சுட்டாங்களே... உங்களுக்குக் கேக்கலையா அண்ணே?"

"இன்னைக்கு ஒரு பட்டாசுகூட வெடிக்கல டீச்சர்."

"மேல யாரோ ஏறி வந்தாங்க. கதவத் திறக்கவே இல்ல..."

வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எந்தக் கதவு?"

"என் கிளாஸ் கதவுதான்."

"அந்த ரூமுக்குக் கதவே இல்லையே டீச்சர். ரெண்டாவது மாடிக் கதவு அத்தனையும் ஸ்கூல் மூடின மொத மாசமே பேத்து எடுத்து எரிச்சுட்டாங்க. கேஸ் கிடைக்கல இல்ல, விறகுக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நான் கீழ இருந்து பாத்தேன். ரொம்ப நேரம் வெறும் காத்துல தட்டிக்கிட்டு நின்னீங்க. ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீங்க திரும்பல."

டீச்சர் தன் கையைப் பார்த்தாள். முட்டிகளில் ரத்தம். தோலுக்குள் பச்சைப் பெயின்ட் துகள் ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அறுபத்தெட்டு நாளில் முதல் முறையாக, எல்லாவற்றையும். அவன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். பிறகு, "நாளைக்கே கிளம்பிடலாம். போற இடத்துல யாருக்கும் தெரியாது," என்றான். நல்ல மனுஷன்தான். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான்.

"எனக்குத் தெரியுமே," என்றாள் அவள்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஊரடங்கு தளர்ந்ததும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பட்டாணியின் வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து நாலு கிலோமீட்டர். ஒரே ஒரு அறை. ஜன்னலோரம் தையல் மிஷின். அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்தாள்.

உட்காரச் சொன்னபோது டீச்சர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். வகுப்பில் தப்புச் செய்த பிள்ளை நிற்குமே, அப்படி. மெழுகுவத்தியிலிருந்து முட்டை போட்டதுவரை. பக்கத்தைத் திறந்து கிழிசலையும் காட்டினாள்.

மிஷின் நின்றிருந்தது. அந்த அம்மா அழவில்லை, கத்தவில்லை. இரண்டு கேள்வி கேட்டாள்.

"கடைசியா சத்தம் கேட்டது எத்தனை மணிக்கு?"

"மூணு அம்பத்திரண்டு."

"எத்தனை தடவ தட்டினா?"

டீச்சர் இதை யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம் எல்லாம் சொன்னபோதுகூட இது மட்டும் வாயில் வரவில்லை. அன்றைக்கு அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? எண்ணிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம். திறக்கவில்லை, எண்ணினாள்.

"பதினேழு," என்றாள்.

அந்த அம்மா தலையை ஆட்டினாள். மிஷின் சக்கரத்தில் கையை வைத்தாள்.

"போங்க டீச்சர்."

அவ்வளவுதான்.

அன்றைக்கே காணாமல் போனவர்களைப் பதிவு செய்கிற ஆபீஸுக்குப் போய் டீச்சர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். கடைசியாகப் பார்த்த இடம்: பள்ளிக்கூடம், இரண்டாம் மாடி. யார் வெளியே அனுப்பியது: நான். யார் திறக்காதது: நான். தலைமை ஆசிரியை அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். தெருவில் இரண்டு வீட்டார் பேசுவதை நிறுத்தினார்கள். எழுதிக் கொடுத்ததை வைத்துக் கட்டடத்தை, கிணற்றை, பின்பக்கக் காலி மனையை எல்லாம் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து அதே ஆபீஸில் இருவரையும் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீள பெஞ்ச். அந்த முனையில் பட்டாணியின் அம்மா. இந்த முனையில் டீச்சர். நடுவில் நாலு பேர் உட்காரலாம், யாரும் உட்காரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மா, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"நீங்க பதிவேடு எடுக்கப் போனது, எங்க வீட்டுக்கு வந்ததுக்கு முந்தின நாள்தானே?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு மூணு நாப்பதுக்கு எங்க வீட்டுக் கதவத் தட்டினாங்க."

டீச்சர் திரும்பினாள்.

"உங்க குரல். அப்பவே தெரியும் எனக்கு, பெத்தவங்க மீட்டிங்ல கேட்டிருக்கேனே. நான்தான், திறங்க, திறங்கன்னு ஒரே கதறல். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். வாசல்ல யாரும் இல்ல. கதவு மட்டும் அதிருது. ஊர் இருக்கற இருப்புல யாரு திறப்பா? உள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். திறக்கறதாவே இல்ல."

டீச்சர் பெஞ்சில் அவள் பக்கமாக நகர்ந்தாள்.

"அப்புறம்... திறந்தீங்களா?"

"திறந்தேன். மூணு அம்பத்திரண்டு. வெளிய யாரும் இல்ல."

உள்ளே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர்களை இல்லை.

"ஏம்மா திறந்தீங்க?"

அந்த அம்மா அப்போதுதான் முதல் முறையாக டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்காகத் திறக்கல டீச்சர். தட்டினது ஒரு கை இல்ல, ரெண்டு பேர். ஒரு கை மேல தட்டுச்சு. இன்னொரு கை கீழ... தாழ்ப்பாளுக்கும் கீழ. பாப்பா எவ்வளவு வளந்திருக்கான்னு அந்தக் கதவுலதான் பென்சில் கோடு போட்டு வச்சிருக்கேன்."

கையை நீட்டி, தரையிலிருந்து அந்த உயரத்தைக் காட்டினாள்.

"உங்க பக்கத்துலயே நின்னு தட்டிக்கிட்டு இருந்தா."